எதுல பாக்குது?

தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்ததும் சென்னகிருஷ்ணன் நின்றுவிடுவார். கதவு திறக்கும். ஆள் வராததால் மூடிக்கொள்ளும். அவர் இன்னும் நிற்பார். பின்னால் வருகிற யாராவது உள்ளே போனால், அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு இவரும் போய்விடுவார். கையை நீட்டினால் தண்ணீர் கொட்டுகிற குழாய்கள் ஓட்டல்களில் வந்த பிறகு, வாளியும் குவளையும் கேட்டுச் சமையற்கட்டு வரை போயிருக்கிறார். "கையப் பாத்துத் தண்ணி உடுதுங்களாம்" என்பார் பக்கத்தில் நிற்பவரிடம். குரலில் கிண்டல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் அடுத்த கேள்வி வரும். "எதுல பாக்குது?"

மகள் மேகலா வாங்கித் தந்த போன், முகத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும் ரகம். அவர் அந்த வசதியை அணைத்துவிட்டு எண்களைத் தட்டித்தான் திறக்கிறார். "மலைக்குப் போவத் தாடி வெச்சிருந்தப்ப ஒரு நாளு என்னயே யாருன்னு கேட்டுச்சு. அப்பறமேட்டிக்கு அதுக்கு எதுக்கு மூஞ்சியக் காட்டிக்கினு?" மனைவி பூங்கொடிக்குப் பொறுமை தீர்ந்து வெகுகாலமாகிறது. ஒரு முறை நகைக்கடை வாசலில், உச்சி வெயிலில், அவர் நின்ற நிலையைப் பார்த்துக் காவலாளியே வந்து, "உள்ள போறீங்களா, இல்ல யாருக்காச்சும் காத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். 

ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்து ஊர். அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறார்கள். இவர் மட்டும் மீசை முளைத்த வயதில் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் வீடு பிடித்து, தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களோடு காலத்தைக் கழித்துவிட்டார். இப்போது அவர் மெஷினை ஓட்டுவதில்லை. ஷிப்டு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போய், அதன் சென்சாருக்கு முன்னால் ஒரு மரக்குச்சியை நீட்டி, மெஷின் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முன்புறம் நீட்டுவார், குனிந்து அடியில் நீட்டுவார், சுற்றிப் போய்ப் பக்கவாட்டிலும் நீட்டுவார். நின்றால்தான் ஆபரேட்டரை அருகில் விடுவார். மதுரைப் பக்கத்து ஆட்களும் பீகார் ஆட்களும் அவரைக் குச்சி அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள்.

அவருடைய வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே உண்டு. அதை அவர் மறைப்பதில்லை. டீ கிளாஸைப் பிடிப்பதும் அந்தக் கையால்தான், பஸ் கம்பியைப் பிடிப்பதும் அதே கையால்தான். முன்பு அவர் வேலை பார்த்த இன்னொரு கம்பெனியில் புதிதாக சென்சார் பொருத்திய நாளில், அதை விற்க வந்தவர் எல்லோரையும் கூட்டி வைத்து, ஓடுகிற மெஷினுக்குள் தன் கையையே நீட்டிக் காட்டினார். மெஷின் டக்கென்று நின்றது. "இனிமே கையப் பத்திக் கவலையே வேண்டாம், மெஷினே பாத்துக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சென்னகிருஷ்ணனும் தட்டினார். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், சிக்கிக்கொண்ட தகடு ஒன்றை எடுக்க அவர் பக்கவாட்டில் கை விட்டபோது மெஷின் நிற்கவில்லை.

இதை அவர் ஆத்திரத்தோடு சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவங்க பொய் சொல்லலீங்க. பாக்கும்னாங்க, பாத்துச்சு. முன்னாடி பாத்துச்சு. என் கை சைடுல இருந்துச்சு" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பாக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவருடைய மகளுக்குத்தான் அந்த வேலை கிடைத்தது. பி.காம். முடித்த மேகலா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக, நின்றுகொண்டே செய்யும் வேலையில் இருந்தாள். கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வருவாள். பாகலூர் ரோட்டில் டி.வி., சலவை மெஷின் எல்லாம் விற்கிற பெரிய ஷோரூம் ஒன்று திறந்தபோது, விளையாட்டுப் பிரிவுக்கு நன்றாகப் பேசுகிற பெண் வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள். முதல் சில மாதங்கள் பயிற்சி. விற்பனை நன்றாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய கம்பெனி வாசலிலேயே போய் நிற்க வேண்டியதுதான். அவள் விற்க வேண்டியது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. டி.வி.க்கு மேல் வைத்தால், எதிரே நிற்பவரைக் கேமரா பார்க்கும். நாம் கையை வீசினால் திரையில் இருக்கும் பொம்மையும் கையை வீசும். கையில் ஒன்றையும் பிடிக்காமலே விளையாடலாம் என்பதுதான் அதன் விசேஷம். கடை கொடுத்த நீல டி ஷர்ட்டின் முதுகில் 'நீங்களே ரிமோட்' என்று எழுதியிருந்தது.

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் பேசிப் பழகினாள். "கையில எதுவுமே வேண்டாம் சார்! பட்டன் இல்ல, ஒயர் இல்ல. சின்னக் கொழந்தையிலேர்ந்து பெரியவங்க வரைக்கும் யாரு வேணா ஆடலாம். நீங்க அசைஞ்சா போதும், அது பாத்துக்கும்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னகிருஷ்ணன் தலையைத் தூக்கினார். "எதுல பாக்குது?"

"கேமராலப்பா."

"சைடுல நின்னா?"

"சைடுல எதுக்குப்பா நிக்கணும்? நேரா நின்னுதான் ஆடுவாங்க."

"கொழந்தைங்க நேரா நிக்குமா?"

மேகலா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். "அப்பா, நான் பிரஸ் மெஷின் விக்கலப்பா. இது வெளையாட்டு. பாக்கலன்னா பலூன் ஒடையாது, அவ்ளோதான். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

அதில் நியாயம் இருந்தது. அவருக்கும் தெரிந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டு, "செரி பாப்பா" என்றார். மறுநாள் பூங்கொடி அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் அந்தப் பெட்டியின் அறிமுக விழா, ஊழியர்களின் வீட்டார் எல்லோரும் வர வேண்டுமாம். அங்கே வந்து அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"தொறக்க மாட்டேன்" என்றார் சென்னகிருஷ்ணன்.

சொன்னபடியே, சலவை மெஷின் வரிசையில் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் சிவப்பு நாடா ஒட்டிச் சதுரம் போட்டிருந்தார்கள். மேலாளர் ஜெகதீஷ் அதில் நின்று கையைக் காலை வீசினார். திரையில் பலூன்கள் படபடவென்று உடைந்தன. கூட்டம் கைதட்டியது. பிறகு பேன்ட் போட்ட இளவட்டங்கள் ஆடினார்கள், பொம்மையும் நன்றாகவே ஆடியது. புடவை கட்டிய ஓர் அம்மாள் வந்து நின்றபோது பொம்மையின் இரண்டு கால்களும் ஒட்டிக்கொண்டு, அது தவளைபோல் எம்பிற்று. அந்த அம்மாளே விழுந்து விழுந்து சிரித்தார். "லைட்டு கொஞ்சம் கம்மி, அதான்" என்றார் ஜெகதீஷ். சற்று முன்புதான் வெளிச்சம் அதிகம் என்று சொல்லி அவரே ஒரு விளக்கை அணைத்திருந்தார். சென்னகிருஷ்ணன் பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி கண்ணாலேயே அதட்டினாள்.

அப்போதுதான் நாராயணப்பன் வந்தார். தளிப் பக்கத்தில் ரோஜா பயிரிடுகிறவர், கன்னடம் கலந்த பேச்சு. தலையில் துண்டு, கையில் கடைக்காரர்கள் ஊரெல்லாம் கொடுத்திருந்த விளம்பரத் தாள். "ஏம்மா, இதுல உடம்புக்கு நல்லதுன்னு போட்டிருக்கே. எங்கூட்டுக்காரி காவேரிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கை வரல. டாக்டரு தெனம் கை ஆட்டச் சொல்றாரு, அவ ஆட்ட மாட்டேங்கறா. இது இருந்தா ஆட்டுவாளா?"

மேகலா பதில் சொல்லுமுன் ஜெகதீஷ் முந்திக்கொண்டார். "சார், இவங்களுக்காகவே செஞ்ச மாதிரி சார் இது! கையில எதுவும் புடிக்கவே வேண்டாம் பாருங்க. உக்காந்துகூட ஆடலாம். மேகலா, சாருக்கு எடுத்துச் சொல்லும்மா."

அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு முன்னால் அத்தனை சரளமாக வந்த பேச்சு வரவில்லை. கண்கள் சலவை மெஷின் பக்கம் போயின. அவளுடைய அப்பா அங்கே இல்லை.

அவர் சிவப்புச் சதுரத்துக்குள் வந்து நின்றுகொண்டிருந்தார். "நான் ஒரு ஆட்டம் ஆடறேன் பாப்பா" என்றார்.

விளையாட்டைத் தொடங்குவதற்கு உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். கேமரா அதைப் பார்த்துக்கொண்டதும் திரையில் ஒரு வளையம் நிரம்பும். சென்னகிருஷ்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். வளையம் நிரம்பவில்லை.

"நல்லா விரிங்க சார்" என்றார் ஜெகதீஷ், திரையைப் பார்த்தபடியே. "இன்னும் நல்லா. அஞ்சு விரலும் தெரியறாப்ல." பிறகுதான் திரும்பிப் பார்த்தார். "சாரி சார்... அந்தக் கையக் காட்டுங்க, லெஃப்டு."

"எனக்குப் பழக்கம் இந்தக் கைதாங்க" என்றார் சென்னகிருஷ்ணன். கோபமில்லை. அவர் நிஜமாகவே அந்தக் கையால் ஆடிப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

மேகலா சதுரத்துக்குள் போய் அப்பாவின் தோளோடு ஒட்டி நின்று, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை விரித்துப் பிடித்தாள். வளையம் நிரம்பியது. அவள் மெல்ல விலகிக்கொண்டாள். திரையில் ஒரு பொம்மை எழுந்து நின்றது, அவர் உயரம், அவர் ஒல்லி. அவர் கையைத் தூக்கினார். ஒரு கணம் தாமதித்து அதுவும் தூக்கியது. அதன் வலது கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

பலூன்கள் மிதந்து வந்தன. அவர் ஒன்றைக்கூடத் தட்டவில்லை. கையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பொம்மையும் ஐந்து விரல்களை விரித்து இப்படியும் அப்படியும் திருப்பியது. பூங்கொடி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று அருகில் நின்ற மேகலாவாலும் சொல்ல முடியவில்லை. பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த ஒருவனை, அவன்தானா என்று உற்றுப் பார்க்கிற பார்வை அது. ஆட்டம் முடிந்தது. புள்ளி பூஜ்யம்.

"என்னப் பாக்கல பாப்பா" என்றார் தாழ்ந்த குரலில். "பாத்திருந்தா இப்பிடி ஒரு கையப் போட்டிருக்காது." சதுரத்தை விட்டு உடனே வெளியே வரவில்லை. "ஆனா நல்லாத்தான் போட்டிருக்குது."

மேகலா நாராயணப்பன் பக்கம் திரும்பினாள். ஜெகதீஷ் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். "ஐயா, இன்னைக்கு வாங்காதீங்க. அம்மாவ ஒரு நாள் இங்க கூட்டிக்கினு வாங்க. இங்கயே உக்காந்து ஆடிப் பாக்கட்டும். அவங்களுக்கு ஆவுதுன்னா அப்பறம் எடுத்துக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் பூங்கொடி பொரிந்தாள். "வாயத் தொறக்க மாட்டேன்னீங்களே!"

"ஆடறதுக்குத்தானே தொறந்தேன். வாங்காதீங்கன்னு நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதாம்மா, அப்பா அப்பிடி ஒண்ணுமே சொல்லல" என்றாள் மேகலா, வெளியே பார்த்துக்கொண்டு. "சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன்."

மறுநாளே அவளை மிக்ஸி கிரைண்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார் ஜெகதீஷ். நிரந்தரம் பற்றிய பேச்சு அதோடு நின்றது. சென்னகிருஷ்ணனுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. தான் பாட்டுக்குச் சலவை மெஷின் ஓரமாகவே நின்றிருந்தால் என்ன என்று தோன்றியது. பிரஸ்களுக்கு நடுவே குச்சியோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தவரை ஆபரேட்டர்கள் உலுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கேட்டேவிட்டார். "என்னாலதானே பாப்பா?"

"மிக்ஸி ஈஸிப்பா" என்றாள் மேகலா. "போட்டா அரையும். அரையலன்னா அரையலன்னு எல்லாருக்கும் தெரியும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் கொஞ்சம் வந்தது.

நாராயணப்பன் வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வந்தார். வாடகைக் காரில் காவேரியை உட்கார வைத்து, தளியிலிருந்து அவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டார். மேகலாவுக்குப் பதற்றமாகிவிட்டது. அப்பாவுக்கு வார விடுமுறை என்பது நினைவுக்கு வந்து, போன் போட்டு வரச் சொன்னாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் இப்போதும் கதவுக்கு முன் நின்று, யாரோ ஒருவர் பின்னால்தான் உள்ளே வந்தார்.

காவேரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் சதுரத்துக்குள் உட்கார வைத்தார்கள். ஒரு காலத்தில் ஆள் வைத்துத் தோட்டத்தை நடத்திய பெண்மணி என்று பார்த்தாலே தெரியும். இப்போது இடது கை மடியில் கிடந்தது, வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெகதீஷைக் குறை சொல்ல முடியாது. அவர் முழங்காலிட்டுப் பெட்டியைத் தாழ்த்திப் பார்த்தார், உயர்த்திப் பார்த்தார், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார், ஜன்னல் திரைச்சீலையை மூடினார். சட்டை வியர்வையில் ஒட்டிவிட்டது. பெட்டியோ நாற்காலியின் கைப்பிடியைக் காவேரியின் கையாக எடுத்துக்கொண்டது. திரையில் எழுந்த பொம்மைக்கு முதுகிலிருந்து ஒரு கால் முளைத்திருந்தது. "அப்டேட் வந்தா சரியாயிடும்னு கம்பெனில சொல்றாங்க சார்" என்றார். பிறகு குரல் இறங்கி, "எனக்கும் இது நடக்கணும்னுதான் சார் ஆச. எங்கம்மாவும் இப்பிடித்தான் இருக்காங்க" என்றார். விற்பனைக்காரர் பேச்சாக அது இல்லை.

"இன்னொரு தரம் பாக்கலாம்" என்றார் நாராயணப்பன் விடாமல். மனைவியின் காதருகே குனிந்து, "கை எத்து காவேரி. அல்லி நோடு, அல்லி" என்று கையைத் தூக்கச் சொல்லித் திரையைக் காட்டினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மேகலா பார்த்தாள், ஜெகதீஷ் பார்த்தார், மிக்ஸி வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சிவப்புப் பலூன் ஒன்று மெல்ல இறங்கி வந்தது. பொம்மை அசையவில்லை. பலூன் அதைத் தாண்டிக் கீழே போய் மறைந்தது.

"வேண்டாம் சாமி, விடுங்க" என்றார் நாராயணப்பன். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ தூக்கலயே, அது என்ன பண்ணும்."

"தூக்குனாங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் திரைக்கு முதுகைக் காட்டி, நாற்காலிக்கு எதிரே, காவேரியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"தூக்குனாளா? எந்தக் கை?"

"வராத கைதாங்க."

"எவ்ளோ?"

சென்னகிருஷ்ணன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காவேரியின் மடிக்கு மேலே, அந்த இடது கை எட்டிவிட்டுத் திரும்பிய உயரத்தில், ஒரு சாண்கூட இருக்காது, தன் இரண்டு விரல் கையைக் கொண்டுபோய் வைத்து, அசைக்காமல் பிடித்துக்கொண்டார். காவேரி முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். சென்னகிருஷ்ணன் அதை எடுக்கவில்லை.